பனீர் பட்டர் மசாலாவுக்கா கடல் தாண்டினோம்?

தமிழ்நாட்டிலிருந்து குழுவாக வெளிநாட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் சுற்றுலா நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நான் திருச்சி உறையூரில் 22 வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறேன். விடியற்காலை 4 மணிக்குக் கிரைண்டர் போட்டால் ராத்திரி 9 மணிக்குத்தான் கடையைச் சாத்துவேன். தீபாவளிக்குக்கூட முழு நாள் மூடாதவள், எட்டு நாள் கடையை மூடிவிட்டு வியட்நாம் போகிறேன் என்றதும் தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. பையன் பணம் கட்டிவிட்டான், போனேன். திருச்சியிலிருந்தே ஹோ சி மின் நகரத்துக்கு 2023-இல் நேரடி விமானம் விட்டார்களே, அதில்தான். வீட்டுக்காரர் முழங்கால் வலி என்று நின்றுவிட்டார். அவருடைய அக்காவும் நானும் போனோம். நாத்தனார் என்று எழுதினால் ஏதோ சண்டைக்காரி மாதிரி தோன்றுகிறது. நான் கூப்பிடுகிறபடி அண்ணி என்றே எழுதுகிறேன்.

யாரையும் பேர் சொல்லித் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எங்களை அழைத்துப்போனவர்கள் தங்கமானவர்கள். 38 பேரில் ஒருத்தர் பெட்டிகூடத் தொலையவில்லை. ஓட்டல் அறையெல்லாம் சுத்தம். கூட வந்த டூர் மேனேஜர் தம்பி, அண்ணியைக் கைப்பிடித்துப் படி இறக்கிவிட்டார். திரும்பி வந்த பிறகு மற்ற நிறுவனங்களின் நோட்டீஸ்கள் ஐந்தாறு வாங்கிப் பார்த்தேன். தாய்லாந்து, பாலி, ஐரோப்பா என்று ஊர்தான் மாறுகிறது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிற வரி மட்டும் மாறவில்லை: "தினமும் இந்திய உணவு". அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கடிதமாகப் போட்டுவிட்டேன்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். காலைச் சாப்பாடு ஓட்டலில். அதை விட்டால் எட்டு நாளில் மதியமும் ராத்திரியும் சேர்த்து 14 வேளை. அதில் 12 வேளை இந்திய ரெஸ்டாரன்ட். அந்த 12 வேளையும் இலையில் என்ன விழுந்தது? ஜீரா ரைஸ், நான், தால் தட்கா, பனீர் பட்டர் மசாலா, ஒரு குலாப் ஜாமூன். ஐயா, இதில் எங்கள் ஊர்ச் சாப்பாடு எது? என் வீட்டில் பனீர் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த மாமி மூன்றாம் நாளே சொல்லிவிட்டார்: "இதுவும் எனக்கு அந்நிய தேசத்துச் சாப்பாடுதான்டி, இதுக்கு எதுக்கு விசா?"

வியட்நாம் என்றால் சோறு. இதை நான் போய்த்தான் தெரிந்துகொண்டேன். ஏதோ பாம்பும் பல்லியும் சாப்பிடுகிற ஊர் என்று நினைத்துக்கொண்டு, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரெண்டு கிலோ அவல் எல்லாம் கட்டிக்கொண்டு போனவர்கள் நாங்கள். அங்கே பார்த்தால் திரும்பின பக்கமெல்லாம் அரிசி. அரிசியை ஊறவைக்கிறார்கள், அரைக்கிறார்கள், பிழிகிறார்கள், ஆவியில் வேகவைக்கிறார்கள், தட்டிக் காயவைக்கிறார்கள். சைகோனில், ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்தான் அது, பென் தான் சந்தைக்கு, 1914-இல் கட்டின பெரிய சந்தை அது, உங்கள் திட்டப்படி "ஷாப்பிங்: 30 நிமிடம்" விட்டீர்கள். மற்றவர்கள் பை வாங்கப் போனார்கள். நான் சாப்பாட்டுக் கடைகள் பக்கம் போய் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பெண் குழிப்பணியாரச் சட்டியை அடுப்பில் வைத்து மாவு ஊற்றிக்கொண்டிருக்கிறாள்! பான் கோட் என்று பெயராம். குழிக்குக் குழி ஓர் இறால் வைக்கிறாள், அது ஒன்றுதான் வித்தியாசம். பக்கத்துக் கடையில் இடியாப்பம் மாதிரி மெல்லிசாகப் பின்னிச் சின்னச் சின்னதாக மடித்து அடுக்கியிருந்தது, பான் ஹோய். இன்னொரு கடையில் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கண்ணாடி டம்ளரில் ஒரு பாயசம், செ. ஒன்றையும் வாயில் வைக்க முடியவில்லை. "அம்மா, லஞ்சுக்கு டேபிள் போட்டாச்சு, வயித்த நெறச்சுக்காதீங்க" என்று தம்பி விரட்டிவிட்டார். அங்கிருந்து பொடிநடை தூரத்தில் மாரியம்மன் கோயில். அங்கே வியட்நாம் பெண்கள் ஊதுவத்தியோடு வரிசையில் நிற்கிறார்கள். வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் கட்டின தண்டாயுதபாணி கோயிலும் அதே ஊரில் இருக்கிறது. நம் கறி என்ற சொல் எங்கெங்கோ சுற்றி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்து, இன்றைக்கும் தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போட்ட கோழிக் குழம்புக்கு "கா ரி கா" என்றுதான் பெயர். அந்தக் குழம்புக்குப் பக்கத்திலேயே பஸ்ஸை நிறுத்தி எங்களுக்குத் தால் தட்கா போட்டீர்கள்.

உங்களுக்கு என்ன பயம் என்று தெரியும். சைவக்காரர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் முதல் அடி விழுந்தது எங்களுக்குத்தான்.

அண்ணி 20 வருடமாக வள்ளலார் வழி. முட்டைகூடத் தொடமாட்டார். போய் இறங்கின ராத்திரி ஓட்டலில், வெறும் கீரை வதக்கலும் சோறும் போதும் என்று சைகையில் சொல்லி வாங்கினோம். நம் வள்ளைக்கீரைதான் அது. அந்த ஊரில் அது இல்லாத வேளையே கிடையாது. தட்டு வந்தது. அண்ணி வாய்க்குக் கொண்டுபோன கையை நடுவிலேயே நிறுத்தி, "ஏம்மா, கருவாட்டு வாசம் அடிக்குதே" என்றார். நான் எடுத்து மோந்தேன். அடித்தது. உப்புக்குப் பதிலாக அவர்கள் ஊற்றுவது நூக் மாம். நெத்திலியை உப்புப் போட்டுத் தொட்டியில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கிற சாறு. தட்டில் மீன் துண்டு இருக்காது, கேட்டால் "வெஜிடபிள்தான்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் அது உப்பு. அன்றைக்கு அண்ணி அவலை ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

ஆனால் இந்த விஷயத்தைப் புறப்படுவதற்கு முன்னால் ஒரு வரி எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம் இல்லையா? விமான நிலையத்தில் தொப்பி கொடுத்தீர்கள், பை கொடுத்தீர்கள், பேட்ஜ் கொடுத்தீர்கள். ஒரு சீட்டில் "தோய் ஆன் சாய்" (நான் சைவம்), "கோம் நூக் மாம்" (மீன் சாறு வேண்டாம்) என்று தமிழிலும் அவர்கள் எழுத்திலும் அச்சடித்துக் கொடுக்க எத்தனை ரூபாய் ஆகும்? தொப்பியை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாலாம் நாள் சாயங்காலம் ஹோய் ஆன். 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பழைய துறைமுக ஊர். மஞ்சள் சுவர், ஓட்டு வீடு, ஆற்றங்கரை. எங்களுக்கு அதிர்ஷ்டம், அன்றைக்குப் பௌர்ணமிக்கு முந்தின நாள். மாதா மாதம் அந்த ராத்திரி பழைய ஊருக்குள் மின்விளக்கைக் குறைத்துவிட்டுக் காகித விளக்குகளைத் தொங்கவிடுவார்கள். ஆற்றில் தீபம் மிதக்கும். நம் கார்த்திகையை ஆற்றில் விட்ட மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு சந்துக்குள் திரும்பினேன், சொய்ங் என்று சத்தம். எனக்கு அந்தச் சத்தம் போதும், தூக்கத்தில் கேட்டாலும் எழுந்துவிடுவேன். கல்லில் மாவு விழுகிற சத்தம்.

ஓர் அம்மா, என்னைவிட ரெண்டு வயது கூட இருக்கும். முக்காலி உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கரி அடுப்பு, மேலே கையகலச் சட்டிகள் நாலு. மஞ்சள் நிறத்தில் மாவு, கரண்டியால் ஊற்றிச் சட்டியைச் சுழற்றுகிறார், ஓரம் வலைமாதிரி முறுகுகிறது. மேலே முளைகட்டின பயறு, வெங்காயத்தாள், இறால், பன்றிக்கறி. பாதியாக மடித்து எடுத்துவிடுகிறார். பான் ஸேயோ என்று பெயர். பான் என்றால் பலகாரம். ஸேயோ என்பது மாவு விழுகிற சத்தமாம், கைடு அப்புறம் சொன்னார். நாமும் தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்கிறோம், தோசை என்று ஏதோ பெயர் வைத்துவிட்டோம்.

மாவைக் காட்டி, விரலை ஆட்டி, உளுந்து உண்டா என்று எப்படிக் கேட்பது? கைப்பேசியில் என் கிரைண்டர் படத்தை எடுத்துக் காட்டினேன். அந்த அம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். என் வலது கையை இழுத்து விரலிடுக்கைத் தடவிப் பார்த்தார். மாவு அரைக்கிறவர்களுக்கு அந்த இடம் ஊறி ஊறித் தோல் ஒரு மாதிரி இருக்கும். அவருக்கும் அப்படியே இருந்தது. பிறகு ஒரு கிண்ணத்தில் மாவை எடுத்து நீட்டினார். தொட்டு நாக்கில் வைத்தேன். உளுந்து இல்லை, புளிப்பு இல்லை. ஊறின பச்சரிசி, மஞ்சள்தூள், தேங்காய்ப்பால், உப்பு. பொங்க வைப்பதே இல்லை, அரைத்த கையோடு ஊற்றுகிறார்கள். நம் ஊர் ஆப்பத்துக்கும் நீர்த்தோசைக்கும் நடுவில் ஒரு பக்குவம். கண்ணைச் சிமிட்டி, கறி இல்லாமல் ஒன்று போடவா என்பது மாதிரி அண்ணியைக் காட்டினார். சட்டி ஒன்றை எடுத்து நன்றாகத் துடைத்தார். இதற்குமேல் ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்கு என்ன செய்ய முடியும்?

மாவை ஊற்றினார். பின்னால் விசில்.

கொடி தூக்கிக்கொண்டு தம்பி வந்துவிட்டார். "அம்மா, உங்க ரெண்டு பேருக்காக 36 பேர் பஸ்ல உக்காந்திருக்காங்க. ஏழரைக்கு டின்னர். இங்கெல்லாம் சாப்பிட்டு நாளைக்கு வயித்துக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்." சட்டியில் மாவு இன்னும் வேகக்கூட இல்லை. காசு கொடுத்தேன், அந்த அம்மா வாங்கவில்லை. பக்கத்துச் சட்டியில் முன்னமே வெந்திருந்த ஒன்றைக் காகிதத்தில் சுருட்டி என் கையில் திணித்தார். பஸ்ஸில் அதன் வாசனை பொறுக்கவில்லை என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தர் முகம் சுளித்தார். முக்கால் மணி நேரம் பஸ் ஓடி, ஏழரைக்கு டேபிள் போட்டிருந்தது. ஜீரா ரைஸ், நான், தால் தட்கா. நாலாவது பதார்த்தத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரி அண்ணி தூங்கவில்லை. "பாவம், அந்தச் சட்டியில கெடந்த என் தோசைய யாரு சாப்பிட்டாங்களோ" என்றார்.

மறுநாள் காலை, நாங்கள் தங்கியிருந்த தா நாங் ஊர் ஓட்டலில் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கைப்பேசி மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு கேட்டேன், இந்த ஊரில் சைவம் என்று ஒன்று உண்டா இல்லையா என்று. அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். இன்றைக்கு 15 ஆச்சே, எங்கள் அம்மாவே இன்றைக்கு அசைவம் தொடமாட்டார் என்றாள். விஷயம் இதுதான்: சந்திர மாதத்தின் முதல் நாளும் 15-ஆம் நாளும், அதாவது நம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, வியட்நாமில் ஏராளமான வீடுகளில் சைவம்தான். பௌத்த வழக்கம். அதற்கென்றே தெருவுக்குத் தெரு கடை உண்டு. பலகையில் சாய் என்று நாலே எழுத்து. அவர்கள் மொழியை ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதால் ஏபிசிடி தெரிந்த யாரும் படித்துவிடலாம். நாலு நாளாக நாங்கள் பஸ் ஜன்னல் வழியாக அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறோம், ஏதோ டீக்கடை என்று நினைத்துக்கொண்டு! துறவிகள் வழியில் கறாராக நடத்துகிற கடைகளில் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. ஸ்ரீரங்கத்து மாமியிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் பனீர் பட்டர் மசாலாவில் ரெண்டும் தாராளம் என்பதால் ஐந்து நாளாகப் பாதிப் பட்டினி அவர்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் ஐந்து பேர் பஸ் ஏறவில்லை. தம்பியிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம், எங்கள் பொறுப்பு என்று. நடந்தே போனோம். கடை நிறைய உள்ளூர்க் குடும்பங்கள், பாட்டிகள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். சோறு, வறுத்த டோஃபு (சோயாப்பாலில் செய்கிற பனீர் மாதிரி), பலாக்காயைச் சோயாச் சாற்றில் சுண்டவைத்த ஒரு கூட்டு, வாழைப்பூவைப் பச்சையாக மெல்லிசாக நறுக்கி எலுமிச்சை பிழிந்து வேர்க்கடலை தூவினது, தாமரைத்தண்டு, கீரைத் தண்ணி மாதிரி ஒரு சூப்பு. ஒரு தட்டு 40,000 டாங். பயந்துவிடாதீர்கள், ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். வாழைப்பூவைப் பச்சையாகச் சாப்பிடலாம் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. துவர்க்கும், எலுமிச்சையில் போட்டு வைத்தால் கறுக்காமலும் இருக்கும், துவர்ப்பும் அடங்கும். அண்ணி ரெண்டாம் தரம் சோறு வாங்கினார். மாமியின் வீட்டுக்காரர் மாமா டோஃபுவை ஒரு கை பார்த்தார். மாமி மட்டும் வாழைப்பழமும் இளநீரும்தான், அது அவர் ஆசாரம், அதில் நமக்கென்ன. ஆனாலும் வந்து உட்கார்ந்து எல்லாத் தட்டையும் ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மதியம் முழுக்க ஓய்வு என்று உங்கள் திட்டத்தில் இருந்தது. நாங்கள் ஓய்வு எடுக்கவில்லை. ராத்திரி நெருப்புக் கக்கும் டிராகன் பாலம் என்று எங்களை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தீர்களே, அந்தப் பாலத்துக்கு நேர் பக்கத்தில் சாம் சிற்ப அருங்காட்சியகம் இருக்கிறது. சாம் என்பவர்கள் அந்தப் பக்கத்தை முன்காலத்தில் ஆண்ட இனத்தார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து இருப்பது. உள்ளே போனால் லிங்கம், ஆவுடையார், ஆடுகிற பெண்கள், நந்தி. அண்ணி ஒரு பிள்ளையாருக்கு முன்னால் நின்றுவிட்டார். நின்ற கோலத்தில் பிள்ளையார், ஆயிரம் வருடத்துக்கும் மேலே பழசு, மீ சோனிலிருந்து கொண்டுவந்தது என்று எழுதியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தோப்புக்கரணம் போட்டார். காவல்காரர் ஒன்றும் சொல்லவில்லை, நகர்ந்து வழிவிட்டார்.

அந்த மீ சோன் எங்கே என்று கேட்டால் அதே ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தான். நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற சாம் அரசன் பத்ரேஸ்வரர் என்று சிவனுக்குக் கோயில் எடுத்த பள்ளத்தாக்கு. 13-ஆம் நூற்றாண்டு வரை அடுத்தடுத்து வந்த அரசர்கள் செங்கல் கோபுரங்களாகக் கட்டிச் சேர்த்திருக்கிறார்கள். 1969-இல் அமெரிக்க விமானம் குண்டு போட்டு அதில் பெரிய கோபுரமே போய்விட்டது. மிச்சத்தைச் சரிசெய்ய நம் இந்தியத் தொல்லியல் துறை 2017 முதல் 2022 வரை அங்கே வேலை பார்த்தது. 2020-இல் மண்ணுக்குள்ளிருந்து ஒரே கல்லில் செய்த ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் வந்தது. இவ்வளவும் அன்று ராத்திரி பையன் போனில் படித்துச் சொன்னான். டெல்லியிலிருந்து கொத்தனார் வேலைக்குப் போன இடத்துக்கு, திருச்சியிலிருந்து போன பஸ் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இடிஞ்ச கோயில்மா, நம்ம ஆளுங்க அஞ்சு நிமிஷத்துல போர் அடிக்குதும்பாங்க" என்றார் தம்பி. பா நா மலையில் 2018-இல் திறந்த, ரெண்டு கை தாங்குகிற தங்கப் பாலத்துக்கு ஒரு பகல் முழுக்க விட்டீர்கள். அந்தக் கை கல் இல்லை, கம்பி வலையும் கண்ணாடியிழையும் வைத்துக் கல் மாதிரி செய்தது. அழகுதான், நானும் படம் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு பகல்!

ஹனோயில் இன்னும் மோசம். இலக்கியக் கோயில் என்று 1070-இல் கட்டினது, அந்த நாட்டின் பழைய பல்கலைக்கழகம். தேர்வில் தேறினவர்கள் பெயரை வெட்டி, கல் ஆமை முதுகில் நிறுத்தி வைத்த 82 கல்வெட்டுகள். அதற்கு 20 நிமிடம். அதில் 10 நிமிடம் குழுப் படத்துக்கு வரிசை நிறுத்தப் போயிற்று. காரணம், பழைய நகரத்திலிருந்து இந்திய ரெஸ்டாரன்டுக்கு டிராபிக்கில் போக 35 நிமிடம், திரும்ப 35. முட்டைக் காபி மட்டும் எப்படியோ கிடைத்தது. 1946-இல் பால் தட்டுப்பாடு வந்தபோது ஒரு ஓட்டல் பணியாளர் மஞ்சள்கருவை அடித்து நுரையாக்கிப் பாலுக்குப் பதிலாகப் போட்டுக் கண்டுபிடித்தது. தட்டுப்பாட்டில் பிறந்த பண்டமெல்லாம் எனக்குப் பிடிக்கும், ரேஷன் அரிசியில் மாவு அரைத்துத்தான் நான் கடை ஆரம்பித்தேன். பஸ் கிளம்புகிறது என்று மடக்கென்று விழுங்கி நாக்கு வெந்தது. ஹாலோங் வளைகுடாவுக்குப் போகிற வழியில் முத்துக் கடையில் மட்டும் ஒன்றேகால் மணி நேரம் நிதானமாக நிறுத்தினீர்கள். அங்கே யாரும் விசில் ஊதவில்லை. ரப்பர் மெத்தைக் கடையிலும் ஊதவில்லை. அது ஏன் என்று எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், விட்டுவிடுவோம்.

எனக்கும் வியாபாரம் தெரியும் என்பதால் உங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 38 பேருக்கு ஒரே நேரத்தில் இடம், ஒரே பில், தலைக்கு இவ்வளவு என்று வருடக் கணக்கில் பேசி வைத்த ரேட். புதுக் கடைக்குப் போனால் ஒருத்தருக்குக் காரம் போதாது, ஒருத்தருக்கு வாசனை ஆகாது, ஊருக்கு வந்ததும் கூகுளில் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஓட்டல் காலைச் சாப்பாட்டில் ஆவி பறக்கிற நூடுல்ஸ் சூப்பை விட்டுவிட்டு, ரொட்டியில் ஆவக்காய் ஊறுகாய் தடவிச் சாப்பிட்டவர்களை என் கண்ணால் பார்த்தேன். 74 வயதுச் சர்க்கரைக்காரர் ஒருத்தர், தயிர் சாதம் இல்லாவிட்டால் அவருக்கு மாத்திரையே இறங்காது. அந்த ஊர்த் தயிரில் சர்க்கரை போட்டுவிடுகிறார்கள். அவருக்கு உங்கள் இந்திய ரெஸ்டாரன்ட் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை.

ஆனால் ரெண்டு வேளையை நினைத்துப் பாருங்கள். ஹாலோங்கில் கப்பலில் வேறு வழி இல்லாமல் அந்த ஊர்ச் சாப்பாடு போட்டார்கள். சைவத்துக்குத் தனியாக டோஃபு, கீரை, சோறு. கடலுக்குள் மலைமலையாக நிற்கிற பாறைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டோம், ஒருத்தரும் சாகவில்லை. அதற்கு முன்னால், ரெண்டாம் நாள், கூ சீ சுரங்கத்தில். போர்க்காலத்தில் ஆட்கள் பூமிக்குள் 200 கிலோமீட்டருக்கும் மேலே வளை தோண்டி வாழ்ந்த இடம். புகை வெளியே தெரிந்தால் குண்டு விழும் என்று, அடுப்புப் புகையை நீளமான வாய்க்கால்களில் ஓடவிட்டு ஆறவைத்துத் தரையோடு தரையாகக் கசியவிட்டிருக்கிறார்கள். விடியற்காலைப் பனியோடு பனியாக அது கலந்துவிடுமாம். கைடு துப்பாக்கியைக் காட்டினார், நான் அந்த அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எல்லோருக்கும் ஒரு தட்டு அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள், தொட்டுக்கொள்ள வேர்க்கடலையும் எள்ளும் உப்பும் இடித்த பொடி. அன்றைக்கு அவர்கள் சாப்பிட்டது அதைத்தான். எங்கள் குழுவில் ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருத்தர், மரவள்ளி போடுகிறவர். கிழங்கைப் பிட்டுப் பார்த்து, இது எந்த மாதிரி ரகம், நார் ஏன் இவ்வளவு, மாவு எவ்வளவு என்று ஆரம்பித்துவிட்டார். ஊறுகாய்க்காரர்கள் உட்பட 38 பேரும் தட்டைக் காலி செய்தார்கள். எட்டு நாளில் மொத்தக் குழுவும் சேர்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிட்ட இடம் அதுதான். அது உங்கள் மெனுவிலேயே இல்லை.

ஆகவே கேட்கிறேன். ராத்திரிச் சாப்பாடு இந்தியச் சாப்பாடாகவே இருக்கட்டும், களைத்து வருகிறவர்களுக்கு அது ஆறுதல். மதியம் எங்கே நிற்கிறோமோ அங்கேயே சாப்பிடவிடுங்கள். பஸ் ஓட்டம் மிச்சமாகும், அந்த நேரத்தை மீ சோனுக்கோ கல் ஆமைக்கோ கொடுங்கள். முன்கூட்டி ஒரு ஆள் போய் சாய் கடையைப் பேசி வைத்தால் 40 பேருக்கு அவர்களும் இடம் போடுவார்கள், காசும் உங்கள் ரெஸ்டாரன்டைவிடக் குறையும். வேண்டாதவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். மாட்டுக்கறி எதில், பன்றி எதில், மீன் சாறு எதில் என்று பஸ் மைக்கில் கைடைச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் கைடு ஹுவே ஊர்க்காரர், மூன்று நாள் மைக்கில் போர் வருடங்களாகவே சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி நாள் நான் கேட்டேன், பௌர்ணமிக்கு உங்கள் அம்மா என்ன சமைப்பார் என்று. மைக்கைக் கீழே வைத்துவிட்டு விமான நிலையம் வரும்வரை சொன்னார். இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்றதற்கு, சாப்பாட்டுப் பேச்சு எடுத்தால் இந்தியக் குழுவினர் பயப்படுவார்கள், வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

வந்த மறுநாளே ஒரு படி பச்சரிசி ஊறப்போட்டேன். மஞ்சள், தேங்காய்ப்பால். மூன்று நாள் ஒட்டிக்கொண்டு வந்தது, நாலாம் நாள் ஓரம் முறுகினது. அண்ணிக்கு முளைப்பயறு மட்டும் வைத்துக் கொடுத்தேன். "அந்தம்மா கையில இருந்த மாதிரி இல்ல" என்றார். அவர் எங்கே அதைச் சாப்பிட்டார், ஒப்பிடுவதற்கு?

தை கழித்து இந்தோனேசியா போகலாம் என்று அண்ணியே ஆரம்பித்திருக்கிறார். பிரம்பனான் சிவன் கோயில் பார்க்க வேண்டுமாம். மாமா மாமியும் வருகிறார்கள், ஆத்தூர்க்காரர் நாலு பேரைச் சேர்த்துவிட்டார், இப்போதைக்கு 11 பேர். உங்கள் நோட்டீஸ் வந்தால் விலையைக் கடைசியில்தான் பார்ப்போம். முதலில் பென்சிலை எடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு எதிரே இந்திய ரெஸ்டாரன்ட் என்று எத்தனை நாள் போட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுவோம். பாதிக்குக் கீழே இருந்தால் போன் செய்கிறேன். காலை 11 மணிக்கு மேல், மாவு ஊற்றி முடித்த பிறகு.

இப்படிக்கு,
உறையூர் மாவுக்கடைக்காரி